வெட்டு உத்தரவும் இரத்தக் கொதிப்பும்

(நெல்லிக்குப்பத்தில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மன அழுத்தமும் உடல்நலமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கண்ணை மூடச் சொல்வார்கள், மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்வார்கள், கவலையைத் தூக்கிப் போடுங்கள் என்பார்கள். மூச்சுப் பயிற்சியின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. செய்தால் நல்லதுதான். ஆனால் நெல்லிக்குப்பத்தில் நின்றுகொண்டு இதைப் பேசுவதென்றால் கரும்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பணக்கவலை மனிதனை என்ன செய்கிறது என்பதைப் பற்றி உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஓர் ஆய்வு நமக்குப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் நடந்தது. பாஸ்டனிலும் லண்டனிலும் அதை வகுப்பெடுக்கிறார்கள். நம் ஊர்க் கரும்பு விவசாயியிடம் கேட்டால், அப்படியா என்பார்.

2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவ் என நான்கு பேர் சேர்ந்து எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள். 464 கரும்பு விவசாயிகள். 1993 வரைக்கும் விழுப்புரமும் நாமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். மண் ஒன்று, பயிர் ஒன்று, வாங்குகிற கடனும் ஒரே மாதிரி.

ஏன் கரும்பு என்று கேட்பீர்கள். நெல்காரருக்கு இரண்டு மூன்று போகம், காய்கறிக்காரருக்கு வாரச் சந்தை. கரும்புக்காரர் கரணை நட்டுப் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பணம் வருஷத்துக்கு ஒரே தடவை வரும். வந்ததும் கொஞ்ச நாள் அவர் வசதியானவர், அது கரைந்த பிறகு அதே ஆள் ஏழை. ஏழையையும் வசதியானவரையும் ஒப்பிட்டால், அவர் படிப்பு வேறு, வளர்ப்பு வேறு, சாப்பாடு வேறு என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். இங்கே இரண்டு பேரும் ஒரே மனிதர். வெட்டுக்கு முன்னால் ஒரு முறையும், பணம் கைக்கு வந்த பிறகு ஒரு முறையும் அவரைப் பார்த்தால் போதும். இன்னொரு வசதியும் உண்டு. எல்லோர் கரும்பையும் ஒரே நாளில் அரைக்க ஆலையால் முடியாது. வெட்டு உத்தரவு மாதக்கணக்கில் முன்பின்னாக வரும். ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டு முடித்துப் பணத்தோடு இருப்பார், பக்கத்துக் கொல்லைக்காரர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார். வெயிலா மழையா பண்டிகையா என்ற குழப்பம் இதில் அடிபட்டுப் போகிறது.

வெட்டுக்கு முன்னால் அவர்களில் 78 சதவீதம் பேர் நகையையோ சாமானையோ அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு 4 சதவீதம். முன்னால் 99 சதவீதம் பேருக்குக் கடன் இருந்தது, பின்னால் 13 சதவீதம் பேருக்கு. இந்தக் கணக்கில் உங்களுக்கு ஆச்சரியம் இருக்காது. நெல்லிக்குப்பம் அடகுக் கடைகளில் எந்த மாதம் கூட்டம் என்று கேட்டால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

படங்களைப் பார்த்து அடுத்தது எது என்று கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடியது. பணம் வந்த பிறகு செய்ததைவிட, வருவதற்கு முன்னால் அதே ஆள் குறைவாகத்தான் செய்தார். பசியா என்று பார்த்தார்கள். சாப்பாட்டுச் செலவு குறையவில்லை. இரண்டாம் தடவை பழகிப்போனதாலா என்று பார்க்க, நூறு பேரை முதலில் தொடாமலே விட்டுவைத்து, வெட்டுக்குப் பிறகு முதல் தடவையாகச் சோதித்தார்கள். அப்படியும் முடிவு மாறவில்லை. கடனும் தவணையும் தலைக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதற்கு இடம் குறைகிறது என்று எழுதினார்கள்.

இந்த மூளைக் கணக்கைப் பற்றி அறிஞர்களிடையே சண்டை உண்டு. புள்ளிவிவரத்தைக் கையாண்ட விதம் சரியில்லை என்று மறுப்பு எழுதினார்கள். 2016-ல் அமெரிக்காவில், ஏழைகளிடம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி சோதித்துப் பார்த்து, வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். அமெரிக்காவில் சம்பளத் தேதி எழுதி வைத்தது. நம் கரும்புப் பணம் அப்படியா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தச் சண்டை நடக்கட்டும். மருத்துவனாக என் கண்ணில் பட்டது கட்டுரைக்குள் ஓரமாகக் கிடக்கும் வேறு ஒன்று. அந்த விவசாயிகளில் ஒரு பகுதியினருக்கு நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் எடுத்திருந்தார்கள். வெட்டுக்கு முன்னால் மேல் அளவு சராசரியாக 128 சொச்சம். பணம் வந்த பிறகு 121 சொச்சம். கீழ் அளவு 78-லிருந்து 74-க்கு வந்திருந்தது. மாத்திரை கொடுக்கவில்லை, உப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. கரும்பு ஆலைக்குப் போனது, பணம் வந்தது, ஏழு புள்ளி இறங்கியது.

ஏழு புள்ளி பெரிய விஷயமா என்று கேட்கலாம். நான் எழுதிக் கொடுக்கும் மாத்திரை ஒன்று ஏழெட்டுப் புள்ளி இறக்கினால் எனக்குத் திருப்திதான்.

நான் இந்த மாவட்டத்தில் நெடுநாள் வைத்தியம் பார்த்தவன். "பேமெண்ட் வந்துட்டா கொதிப்பு தானா எறங்கிடும் சார்" என்று சொல்லி மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன விவசாயிகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அப்போது அதை அறியாமை என்று நினைத்தோம். அதில் ஆபத்தும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர்கள் உடம்பைப் பற்றிச் சொன்னது சரியான தகவல்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தின் தலைமேல் சின்னதாக ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து என்று மூளை சொன்னதும் அது அட்ரினலினைக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் கார்டிசாலும் வரும். இதயம் வேகமாக அடிக்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், செரிமானம் நிற்கும். பாம்பைப் பார்த்தவன் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஹான்ஸ் செலி என்ற விஞ்ஞானி 1936-ல் கனடாவிலிருந்து எழுதிய சின்னக் கட்டுரையில்தான், எந்தத் துன்பம் கொடுத்தாலும் எலியின் உடம்பு ஒரே விதமாகச் சீர்கெடுகிறது என்ற செய்தி முதலில் வந்தது: அந்தச் சுரப்பி பெருத்தது, வயிற்றில் புண் வந்தது, நோய் எதிர்ப்புக்கான திசுக்கள் சுருங்கின. பிரச்சினை எங்கே வருகிறதென்றால், கடன்காரன் பாம்பு மாதிரி வந்துவிட்டுப் போவதில்லை. ராத்திரியும் நெஞ்சுக்குள் இருக்கிறான். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் அணைக்காமல் ஓடவிட்ட போர் மோட்டார் என்ன ஆகும்? காயில் கருகும். புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990-களில், இப்படி அணையாமல் ஓடுவதால் உடம்பில் சேரும் தேய்மானத்தை அளக்கவே ஒரு முறையை முன்வைத்தார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். எல்லாக் கஷ்டமும் ஒரே அளவில் உடம்பைக் கெடுப்பதில்லை. 1960-களின் கடைசியிலும் 70-களிலும் ஜே வைஸ் என்பவர் நியூயார்க்கில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பாவம், கொடுமைதான், ஆனாலும் கேளுங்கள். இரண்டு எலிகளுக்கு வாலில் மின்சாரம். அளவு ஒன்று, நேரம் ஒன்று, எண்ணிக்கை ஒன்று. ஓர் எலிக்கு மட்டும் அதிர்ச்சி வருமுன் ஒரு சத்தம் கேட்கும். மற்றதற்குக் கேட்காது. எப்போது வரும் என்று தெரிந்த எலிக்கு வயிற்றுப் புண் கொஞ்சமாகத்தான் இருந்தது. எப்போது என்றே தெரியாத எலிக்குப் புண் பல மடங்கு. இன்னொரு சோதனையில், ஓர் எலிக்குச் சக்கரத்தைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்த வழி கொடுத்தார். அது நிறுத்தினால் பக்கத்து எலிக்கும் நின்றுவிடும். இரண்டும் பட்டது ஒரே அளவு. கையில் சக்கரம் இருந்த எலிக்குப் புண் குறைவு.

ஆக, நம்மைக் கொல்வது பட்ட அடியின் கனம் மட்டுமில்லை. அடி எப்போது விழும் என்று தெரியாமல் இருப்பதும், விழும்போது நம் கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பதும் சேர்ந்துதான் கொல்கின்றன. இப்போது இதை நம் கொல்லைக்குக் கொண்டுவாருங்கள். கரும்பு முற்றியாயிற்று. வெட்டு உத்தரவு வரவில்லை. பூ எடுத்துவிட்டது. எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். கரும்பு அலுவலரைப் பார்த்தால் அடுத்த வாரம் என்கிறார். வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரியிடம் முன்பணம் கொடுத்தாயிற்று. அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். உத்தரவு வந்து, வெட்டி, லாரியில் ஏற்றி அனுப்பினாலும் பணம் எப்போது வரும்? சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தாமதமானால் வருஷத்துக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். நிலுவைத் தொகை கேட்டுத் தமிழ்நாட்டு விவசாயிகள் எத்தனை தடவை சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தனியார் ஆலை, கூட்டுறவு ஆலை என்ற பேதம் இதில் பெரிதாக இல்லை.

அந்த 14 நாள் என்ற வரியைப் பொருளாதார விஷயம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நான் அதை மருத்துவச் சட்டம் என்று சொல்வேன்.

பிரஷர் என்பது பெரிய அதிகாரிகளுக்கும் முதலாளிகளுக்கும் வரும் வியாதி என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினோம். பொறுப்பு ஜாஸ்தி, அதனால் நெஞ்சு வலி. இதை உடைத்தது லண்டனில் அரசு ஊழியர்களிடம் நடந்த ஆய்வு. 1967-ல் ஆரம்பித்தது, பெயர் ஒயிட்ஹால். சுமார் 18,000 ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். மைக்கேல் மார்மட் அதை அலசி எழுதினார். மேல்மட்ட அதிகாரியைவிட, கடைநிலையில் இருந்த ஏவலருக்கும் வாயிற்காவலருக்கும் மாரடைப்பில் சாவு மூன்று மடங்குக்கு மேல். பட்டினி கிடந்தவர் ஒருவரும் அதில் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச வைத்தியம். சிகரெட், கொழுப்பு, பிரஷர் என்று தெரிந்த காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பாதிகூட விளங்கவில்லை. இன்னும் வியப்பானது, அந்த வித்தியாசம் படிப்படியாக இருந்தது. இரண்டாம் படியில் இருந்தவர் முதல் படிக்காரரைவிட மோசம், மூன்றாம் படி அதைவிட மோசம். 1985-ல் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் இரண்டாம் ஆய்வைத் தொடங்கினார்கள். வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லாதவருக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது. எலிக்கூண்டுச் சக்கரம் இங்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் படிக்கட்டைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். பண்ருட்டியைத் தாண்டினால் நெய்வேலி ஆர்ச் வந்துவிடும். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது, 600 ஏக்கருக்கு மேல் சொந்த நிலத்தைக் கொடுத்தவர் ஜம்புலிங்க முதலியார். கிணறு தோண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ வருகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். இன்று டவுன்ஷிப்புக்குள் போனால் நேர்கோட்டில் சாலை, மர நிழல், வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், தனி மருத்துவமனை. நிரந்தரத் தொழிலாளி அதற்குள் இருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளி சுற்றுக் கிராமத்திலிருந்து பஸ்ஸிலும் பைக்கிலும் வருகிறார். அதே கன்வேயர், அதே கொதிகலன், அதே இரவு ஷிப்ட். ஒருவருக்குப் பதவி உயர்வு உண்டு, இன்னொருவருக்கு ஒப்பந்தக்காரர் மாறினால் வேலை இருக்குமா என்பதே தெரியாது. யோகன்னஸ் சீக்ரிஸ்ட் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1996-ல் எழுதியது இதைத்தான்: கொடுக்கிற உழைப்புக்கும் கிடைக்கிற பலனுக்கும் பொருத்தமில்லாதபோது இதயம் அதன் விலையைக் கொடுக்கிறது. பலன் என்று அவர் சொன்னதில் கூலியோடு மரியாதையும் வேலை உறுதியும் சேர்ந்தவை.

2020 மே 7-லும் ஜூலை 1-லும் அங்கே இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. ஜூலையில் சம்பவ இடத்திலேயே 6 பேர், பிறகு மருத்துவமனையில் மேலும் பலர். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். மே மாதம் ஒன்று வெடித்த பிறகு ஜூன் மாதம் முழுக்க அதே இடத்துக்கு வேலைக்குப் போனவரின் இரத்த அழுத்தத்தை யாராவது எடுத்து வைத்திருந்தால் நமக்கு நிறையத் தெரிந்திருக்கும்.

சுரங்கத்துக்கு நிலம் கேட்டு நோட்டீஸ் வந்த ஊர்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக் கால்வாய்க்காக, பால் பிடித்து நின்ற நெற்பயிரின் மேல் பொக்லைன் இறங்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். கையகப்படுத்தியது பல வருஷத்துக்கு முன்னால், எங்கள் நிலம் என்று நிறுவனம் சொன்னது. சட்டப்படி யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. அந்தப் பல வருஷத்தில் அந்த ஊரில் இருந்தவர் உடம்பைப் பற்றித்தான் என் கேள்வி. நிலம் போகும், எப்போது என்று தெரியாது. வீட்டுக்கு ஓடு மாற்றலாமா, போர் போடலாமா, பெண்ணுக்கு இந்த வருஷமே கல்யாணத்தை முடித்துவிடலாமா? சத்தம் கேட்காத எலியின் நிலைமை அதுதான்.

இனி மானத்தைப் பற்றி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரண்டு அமெரிக்கப் பெண் ஆய்வாளர்கள், மனிதர்களுக்கு எந்தச் சூழ்நிலையில் கார்டிசால் அதிகம் ஏறுகிறது என்று பார்க்க, அதுவரை நடந்த 208 ஆய்வுகளைத் திரட்டி 2004-ல் வெளியிட்டார்கள். கஷ்டமான கணக்கு, சத்தம், சினிமா எல்லாம் ஓரளவுதான் ஏற்றின. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோற்பது, அதைத் தடுக்கவும் முடியாமல் இருப்பது, இந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் உச்சத்துக்குப் போனது. அடங்கவும் நேரமானது.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இதற்கு உதாரணம் சொல்ல வேண்டியதில்லை. குழுக் கடன். வாரத் தவணை. செவ்வாய்க்கிழமை பத்து மணி. ஒருத்தி கொண்டுவரவில்லை என்றால் வசூலுக்கு வந்தவர் எழுந்து போகமாட்டார், மற்றப் பெண்களையும் போகவிடமாட்டார். எல்லோர் வேலையும் கெட்டது உன்னால் என்று ஊரே பார்க்கும். கடன் கொடுக்கிறவர் ஈடாகக் கேட்பது நிலத்தையும் நகையையும் இல்லை, அந்தப் பெண்ணின் முகத்தை. பக்கத்து வீட்டு அக்காவிடம் முந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கி அன்றைக்குச் சமாளிப்பாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அக்காவைப் பார்க்கவும் கூசும். ஒரு கடன் தீர்ந்து ஓர் உறவு போனது. தவணை நாளன்று காலையில் தலைவலி, படபடப்பு, பேதி என்று ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களுக்கு நாங்கள் இரைப்பை மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறோம். ஜாதியின் பெயரால் தினமும் குனிய வைக்கப்படுகிறவருக்கு இது வாரத்துக்கு ஒரு நாளில்லை, ஏழு நாளும் செவ்வாய்க்கிழமை.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. படுத்த படுக்கையான மாமியாரையோ, பக்கவாதத்தில் விழுந்த கணவரையோ பல வருஷம் கவனித்துக்கொள்கிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. ஜானிஸ் கீகோல்ட்–கிளேசர் என்ற ஆய்வாளர் 1995-ல், மறதி நோய் வந்த உறவினரைக் கவனிக்கும் பெண்களின் கையில் கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு காயம் செய்து, அது எப்போது ஆறுகிறது என்று பார்த்தார். அந்த வேலை இல்லாத, அதே வயதுப் பெண்களைவிடச் சராசரியாக 9 நாள் தாமதம். புண்ணுக்கு மருந்து ஒன்றுதான், தோல் ஒன்றுதான்.

உறவு இருந்தால் இதெல்லாம் குறையுமா? குறையும் என்பதற்கு ஆதாரம் நிறைய. கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் சுமார் 7,000 பேரை 9 வருஷம் பின்தொடர்ந்து, லிசா பெர்க்மனும் லியனார்ட் சைமும் 1979-ல் எழுதினார்கள்: கணவன்–மனைவி, நண்பர், உறவினர், கோயில், சங்கம் என்று தொடர்பு அதிகம் உள்ளவர்களைவிட, தொடர்பு குறைந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் இறந்தார்கள். ஷெல்டன் கோயன் இன்னும் ஒரு படி மேலே போனார். நல்ல ஆரோக்கியமான ஆட்களைக் கூப்பிட்டு, மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டு விட்டு, தனி அறையில் வைத்துப் பார்த்தார். கிருமி எல்லோருக்கும் ஒன்று. மன அழுத்தம் அதிகமானவருக்குச் சளி பிடித்தது அதிகம் என்று 1991-லும், பல வகை உறவுகள் உள்ளவருக்குச் சளி குறைவு என்று 1997-லும் வெளியிட்டார்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் கரையில் ஏறியபோது, பண்ருட்டிப் பக்கம் பாட்டன் வைத்த பலாவும் முந்திரியும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. மரம் மறுபடி காய்க்க வருஷங்கள் ஆகும். அந்த வாரம் மின்சாரமில்லாத தெருக்களில் ஒன்றாகச் சோறு பொங்கிச் சாப்பிட்டார்கள், ஒருவர் மரத்தை இன்னொருவர் அறுத்துக் கொடுத்தார்கள். நிவாரணப் பட்டியல் ஒட்டிய பிறகுதான், இவருக்கு வந்தது எனக்கு வரவில்லை என்று தெரு பிரிந்தது. புயல் சேர்த்ததை ஒரு பட்டியல் பிரித்தது. அதிகாரிகள் பட்டியல் தயாரிக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும், இல்லாவிட்டால் எல்லா நோயும் மனசுதான் என்று வீட்டுக்குப் போவீர்கள். வயிற்றுப் புண்ணைக் கவலையால் வருவது என்றே பல வருஷம் டாக்டர்கள் சொல்லிவந்தோம். 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்கு ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடனே கவலைக்கும் புண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். ஆனால் 1995-ல் ஜப்பானில் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, இரத்தம் கசியும் வயிற்றுப் புண்ணோடு வந்தவர்கள் கூடிப்போனார்கள். கிருமியும் உண்மை, நிலநடுக்கமும் உண்மை. ஆகவே கொதிப்பு இருப்பவர் மாத்திரையை விடக்கூடாது. நெஞ்சு வலித்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்தியாவையும் சேர்த்து 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளிவந்தது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் நடந்தது அது. மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணங்களில் புகை, கொழுப்பு, சர்க்கரையோடு மன–சமூகக் காரணங்களும் ஒன்றாக இடம்பிடித்தன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே வருகிறது என்பதும் அதிலிருந்து தெரியவந்தது. பீடியை விட்டுவிட்டுக் கவலையை வைத்துக்கொண்டாலும் ஆபத்து, கவலையை விட்டுவிட்டுப் பீடியை வைத்துக்கொண்டாலும் ஆபத்து.

மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்ட பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். மறதி என்று நினைத்து நான் சத்தம் போட்டேன். "மறக்கலீங்க, ஒரு மாச மாத்திரைய ரெண்டு மாசத்துக்கு ஓட்டறேன்" என்றார். இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு, 2021 ஆகஸ்டிலிருந்து, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மனசு தாங்கவில்லை, தூக்கமே இல்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

ஆனால் வெட்டுத் தேதியும் பேமெண்ட் தேதியும் 14416-ல் கிடைக்காது. ஆலைக்குப் பதிவு செய்த கரும்புக்கு இந்த வாரம் வெட்டு என்று ஒரு தேதியை அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே ஊர்ச் சாவடியில் ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. தள்ளிப்போனால், எத்தனை நாள் என்று திருத்தி ஒட்டலாம். கெட்ட செய்தியாக இருந்தாலும் தேதி உள்ள கெட்ட செய்தி உடம்புக்கு நல்லது. ஷிப்ட் அட்டவணையை மாதத் துவக்கத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கொடுக்கலாம். தவணையைத் தெருவில் வைத்து வசூலிக்காமல் இருக்கலாம். இதையெல்லாம் கேட்கப் போனால் சங்கம் பேசுகிறான் என்பார்கள். சுகாதாரம் பேசுகிறோம் என்று சொல்லுங்கள்.

அதற்கு உங்களிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு இறங்குகிறேன். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ஒவ்வொரு தடவையும் உங்கள் பிரஷரை எடுத்து எழுதுகிறார். அந்த அளவை நீங்களும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் 'வெட்டுக்கு முன்', 'வெட்டு முடிந்தது, பணம் வரவில்லை', 'பணம் வந்தது' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ஒரு கிராமத்தில் முப்பது நாற்பது பேர் ஓர் அரவைப் பருவம் முழுக்க இதைச் செய்தால் போதும். பருவம் முடிந்ததும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். நிலுவைத் தொகை எத்தனை கோடி என்று எல்லோரும் படிக்கும்போது, எத்தனை புள்ளி என்று நீங்கள் படியுங்கள். கணக்குப் பார்த்துக் கொடுக்க நான் வருகிறேன்.